பெண்ணுக்குப் பங்கு

பெண்ணுக்குப் பங்கு என்றதும் தமிழகத்தின் 1989 சட்டத்தைத்தான் நம்மவர்கள் சொல்வார்கள். மைசூர் சமஸ்தானமோ 1933-லேயே, பாகப்பிரிவினையில் தாய்க்கும் மணமாகாத மகளுக்கும் பங்கு வைத்துச் சட்டம் இயற்றியது. ஆனால் தமிழர் நிறைந்த கண்டோன்மெண்ட் 1947 வரை ஆங்கிலேயர் நிர்வாகத்தில். மைசூர்ச் சட்டம் தானாக அங்கே செல்லாது!

1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டம் ஜைனராகிய எங்களுக்கும் சேர்த்துத்தான். உயிலில்லாத தகப்பனின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் சம பங்கு வந்தது. பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை மட்டும் ஆண்மக்களுக்கே. தமிழகம் 1989-லும் கர்நாடகம் 1994-லும் இதைத் திருத்தின. அதற்கு முன் கல்யாணமானவர்களை இரண்டுமே விட்டுவிட்டன. ஆகவே 1991-ல் கல்யாணமான பெண் தமிழகச் சட்டத்தில் பங்காளி, கர்நாடகச் சட்டத்தில் இல்லை. நடுவே ஒரு ராத்திரி ரயில் பயணம்தான்!

2005-ன் மத்தியத் திருத்தம் இந்தப் பேதத்தை நீக்கியது. அன்றைக்குத் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற வழக்கு, 2020-ல் உச்ச நீதிமன்றத்தில் 'வேண்டியதில்லை' என்று முடிந்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பத்திரத்தை மட்டும் இந்தத் திருத்தத்தைக் காட்டி அசைக்க முடியாது.