கொடைக்கானலின் பழைய லென்ஸ்

கேனனா, நிக்கானா? கொடைக்கானல் போகுமுன் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். வாங்கத் துடிக்கும் நண்பர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. கோக்கர்ஸ் வாக்கை மறுநாளைக்கு ஒத்திவைத்துவிட்டு, முதலில் அங்குள்ள சூரிய ஆய்வகத்துக்குப் போய்வாருங்கள் என்பேன்.

1876-78 தாது வருடப் பஞ்சத்துக்குப் பின், சூரியனின் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அரசை உறுத்தியது. மிக்கி ஸ்மித் நீலகிரியையும் பழனி மலைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, பழனி மலையின் வானத்தைத் தேர்ந்தார். 1899-இல் ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில் ஆய்வகம் எழுந்தது. எவர்ஷெட் 1909-இல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தது இங்கேதான். (அவர் மனைவி மேரி, தாந்தேயின் வானியலைப் பற்றி ஒரு நூல் எழுதியவர். இலக்கிய அன்பர்கள் தேடிப் படிக்கலாம்.)

1904 முதல் இங்கே, மேகம் விட்ட நாளெல்லாம் சூரியனைப் படமெடுத்தார்கள். தொடக்கத்தில் 10 செ.மீ. லென்ஸ், 1918 முதல் 15 செ.மீ. லென்ஸ். அதன்பின் படம் பதியும் பொருள்தான் மாறியது. 1975 வரை கண்ணாடித் தகடு, பிறகு ஃபிலிம். அந்தத் தகடுகளும் ஃபிலிம்களும் பின்னாளில் எண்வடிவம் பெற்றன. 1920-இன் புள்ளியையும் 1970-இன் புள்ளியையும் அருகருகே வைத்து அளக்க முடிகிறதென்றால், இரண்டும் ஒரே அளவுள்ள லென்ஸின் வழி வந்தவை என்பது முக்கியமான காரணம். லென்ஸை அடிக்கடி மாற்றியிருந்தால், மாறியது சூரியனா கண்ணாடியா என்று பிரித்தறிவதே பெரும்பாடாகியிருக்கும்.

கடைவீதிக்கு வருவோம். நிக்கான் 1959-இல் கொண்டுவந்த எஃப் மவுண்டைப் பல பத்தாண்டுகள் கைவிடவில்லை. கேனன் 1987-இல் மவுண்டையே மாற்றியது. பழைய லென்ஸ் வைத்திருந்தவர்கள் திகைத்து நின்றார்கள். ஆனால் அந்தப் புதிய மவுண்ட்தான் டிஜிட்டல் காலத்திலும் நிலைத்தது. 2018-இல் இரு நிறுவனங்களுமே கண்ணாடியில்லாக் காமிராக்களுக்கெனப் புது மவுண்ட் கொண்டுவந்தன. அடாப்டர் போட்டால் அதற்கு முந்தைய லென்ஸ்கள் பெரும்பாலும் இயங்குகின்றன. ஆக, நீங்கள் தேர்வது பிராண்டை அல்ல, மவுண்டை. பாடி சில ஆண்டுகளில் பழசாகிவிடும். எனவே பழைய பாடி ஒன்றை மலிவாக வாங்கி, மிச்சப் பணத்தை ஒரு நல்ல லென்ஸில் போடுங்கள் என்பதே என் கட்சி. கிட் லென்ஸோடு விலையுயர்ந்த பாடியைத் தோளில் தொங்கவிட்டுத் தூண் பாறை முன் நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சற்றே பரிதாபம் வரும்.

ஒன்று மட்டும்: அந்த மலையின் ஈரம் லென்ஸுக்குள் பூஞ்சை வளர்க்கும். கொடைக்கானலில் ஒரு மழைக்காலம் முழுக்கத் தோல் பைக்குள் கிடந்த என் 50 மி.மீ. லென்ஸில் சிலந்தி வலைபோல் படர்ந்திருந்தது. சிலிகா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவை இப்போது மறப்பதில்லை.