கௌரியம்மா, கே. ஆர். (1919–2021)

கேரள அரசியல் தலைவர், வழக்கறிஞர், பல முறை அமைச்சர். 1957இல் இ. எம். எஸ். நம்பூதிரிப்பாடு தலைமையில் அமைந்த முதல் கேரள அமைச்சரவையில் வருவாய்த் துறையை ஏற்றவர். அந்த அமைச்சரவையின் ஒரே பெண். கேரள நிலச்சீர்திருத்தம் என்றதும் முதலில் சொல்லப்பட வேண்டிய பெயர் இவருடையது.

ஆலப்புழை மாவட்டம் சேர்த்தலையை அடுத்த பட்டணக்காட்டில் 1919 ஜூலை 14 அன்று ஈழவக் குடும்பத்தில் பிறந்தார். எர்ணாகுளத்தில் மகாராஜா கல்லூரியிலும் புனித தெரசா கல்லூரியிலும் படித்து, பின்பு சட்டம் பயின்றார். ஈழவ சமூகத்திலிருந்து வழக்கறிஞரான முதல் பெண் இவரே. தொழிற்சங்கத்தில் இருந்த அண்ணன் சுகுமாரன் வழியாகப் பொதுவாழ்வுக்கு வந்து, 1948இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். கட்சி தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் சிறையில் கொடுமைகளுக்கு ஆளானார். 1952, 1954 தேர்தல்களில் திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத்துக்குச் சென்றார்.

இவருடைய பணியை அறிய அன்றைய நில உரிமை முறையை அறிய வேண்டும். 1956 நவம்பர் 1 அன்று உருவான கேரளத்தில் நிலம் ஒரே சட்டத்தின் கீழ் இல்லை. திருவிதாங்கூரில் 1865ஆம் ஆண்டு அரசாணை சர்க்கார் நிலக் குத்தகையாளர்களுக்கு உடைமை உரிமையை அளித்திருந்தது. சென்னை மாகாணத்தோடு இருந்த மலபாரில் நிலவுடைமையாளர்களான ஜென்மிகளின் பிடி தளரவில்லை. ஜென்மிக்கு முன்பணம் கொடுத்து நிலத்தைப் பெற்றவர் காணக்காரர். ஆண்டுப் பாட்டத்தை (குத்தகையை) மட்டும் அளந்து, ஜென்மி போகச் சொன்னால் போகவேண்டியவர் வெறும்பாட்டக்காரர். இவர்களுக்கும் கீழே, பிறர் நிலத்தின் ஓரத்தில் குடிசை போட்டுக்கொண்டு அந்த நிலத்திலேயே கூலிவேலை செய்தவர்கள் குடிகிடப்புக்காரர்கள். இவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சாதியினர். வேலியைத் தாண்டி ஒரு சொல் எதிர்த்துப் பேசினால் அன்றிரவே குடிசையை இழக்கும் நிலை.

1957 ஏப்ரல் 5 அன்று பதவியேற்ற அரசு, ஏப்ரல் 11 அன்று குடியானவர்களை நிலத்தைவிட்டு வெளியேற்றுவதைத் தடைசெய்யும் அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. துறை அமைச்சரான கௌரியம்மாவுக்கு அப்போது வயது 37. நிலச்சீர்திருத்தச் சட்டம் வருமுன் ஜென்மிகள் குத்தகையாளர்களைத் துரத்திவிடுவார்கள் என்பதை உணர்ந்து, முதலில் அதைத் தடுத்த பிறகே பெரிய சட்டத்தைத் தொட்டது இவருடைய சாதுரியம். தொடர்ந்து வந்த விவசாய உறவுகள் மசோதா உழுபவருக்கு நிலத்தை வாங்கும் உரிமையையும், உடைமைக்கு உச்சவரம்பையும் வகுத்தது. அது 1959 ஜூனில் நிறைவேறியது. ஜூலை 31 அன்று அரசு கலைக்கப்பட்டது. அந்த அரசுக்கு எதிரான ‘விமோசன சமரம்’ (விடுதலைப் போராட்டம்) அதன் பள்ளிக் கல்விச் சட்டத்தை முன்னிறுத்தி நடந்தாலும், அதற்கு வலுவூட்டியது நிலம் கைநழுவிவிடும் என்ற உடைமையாளர்களின் அச்சமே. பின்பு திருத்தப்பட்டு 1961இல் ஒப்புதல் பெற்ற அந்தச் சட்டத்தை அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சில வகை நிலங்களுக்குச் செல்லாததாக்கியது.

1964இல் கட்சி பிளந்தபோது இவர் மார்க்சிஸ்ட் கட்சியில் நின்றார். 1957இல் மணந்த கணவரும் சக அமைச்சருமான டி. வி. தாமஸ் மறுபக்கம் நின்றார், மணவாழ்வும் முறிந்தது. 1967இல் மீண்டும் வருவாய் அமைச்சரான கௌரியம்மா, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 1963ஆம் ஆண்டு நிலச்சீர்திருத்தச் சட்டத்தை 1969 திருத்தத்தால் முழுமையாக்கினார். அது நடைமுறைக்கு வந்த 1970 ஜனவரி 1 அன்று அச்சுதமேனன் தலைமையிலான அரசு இருந்தது. ஆனால் சட்டத்தின் உயிர் இவர் இட்டது. பாட்ட முறை ஒழிந்தது. குடிகிடப்புக்காரர் ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட், மாநகரில் 3 சென்ட் பெற வழி பிறந்தது. தேயிலை, காப்பி, ரப்பர் தோட்டங்களுக்கு உச்சவரம்பு கிடையாது. குத்தகை உரிமை இல்லாமல் வயலில் கூலிக்கு உழைத்த தலித்துகளுக்குக் கிடைத்தது பெரும்பாலும் வீட்டுமனை மட்டுமே என்பது இச்சட்டத்தின் பெருங்குறை.

1980, 1987 ஆண்டுகளில் நாயனார் தலைமையில் அமைந்த அமைச்சரவைகளிலும் இருந்தார். 1987இல் முதலமைச்சர் பதவி இவருக்கே என்று மக்கள் நம்பினர். அந்த உரிமை மறுக்கப்பட்டு, தொழில் துறை தரப்பட்டது. திருவனந்தபுரம் டெக்னோபார்க் அக்காலத்தில்தான் உருவானது. 1994 தொடக்கத்தில் கட்சி இவரை நீக்கியது. ஜனாதிபத்திய சம்ரக்ஷண சமிதி என்ற புதிய கட்சியைத் தொடங்கி, காங்கிரஸ் கூட்டணியில் சேர்ந்தார். பழங்குடியினரிடமிருந்து 1986 வரை கைமாறிய நிலங்களை வாங்கியவர்களுக்கே உறுதிசெய்யும் திருத்தம் 1996இல் வந்தபோது, இரு பெரும் அணிகளும் கைகோத்த அவையில் எதிர்த்து வாக்களித்த ஒரே உறுப்பினர் இவர்.

2001 முதல் 2006 வரை மீண்டும் அமைச்சர். 2006இல் அரூர் தொகுதியிலும் 2011இல் சேர்த்தலையிலும் தோற்றார். 2021 மே 11 அன்று திருவனந்தபுரத்தில் மறைந்தார். இவருடைய தன்வரலாறான ‘ஆத்மகதா’ 2011ஆம் ஆண்டுக்கான கேரள சாகித்திய அகாதமி விருது பெற்றது.