தனிநபர் கணினி: ராமகுப்பத்தில் ஊர்ப் பொதுக் கருவியான வரலாறு

ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தின் ராமகுப்பம் மண்டலம், தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநில எல்லைகள் கூடும் குப்பம் வட்டாரத்தைச் சேர்ந்தது. தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் புழங்கும் இப்பகுதியில், அமெரிக்காவின் ஹியூலெட் பேக்கர்ட் நிறுவனம் அன்றைய மாநில அரசுடன் இணைந்து, 2002 பிப்ரவரியில் ‘ஐ-கம்யூனிட்டி’ என்னும் மூன்றாண்டுத் திட்டத்தைத் தொடங்கியது. குப்பம், ராமகுப்பம், சாந்திபுரம், குடுபள்ளி, வி.கோட்டா ஆகிய ஐந்து மண்டலங்களில் வாழ்ந்த ஏறத்தாழ 3 லட்சம் மக்களுக்குக் கணினியையும் இணையத்தையும் கொண்டு சேர்ப்பது அதன் நோக்கமாகும்.

ஒருவர் தமக்கென வைத்துப் பயன்படுத்தும் கணினியே தனிநபர் கணினி எனப்படுகிறது. ஆனால் ராமகுப்பம் போன்ற ஊர்களில் பெரும்பாலோர் அதை முதன்முதலில் கண்டது வீட்டில் அன்று. பலரும் வந்துபோகும் தகவல் மையத்தில்தான்.

ஓர் அறையை அடைத்துக்கொண்டு, பல்கலைக்கழகங்களும் பெரு நிறுவனங்களும் மட்டுமே வைத்திருந்த கணினியை மேசைக்குக் கொண்டுவந்தது நுண்செயலி. கணக்கிடும் பகுதி முழுவதையும் ஒரே சில்லில் அடக்கும் இந்த நுட்பத்தை இன்டெல் நிறுவனம் 1971-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1975 ஜனவரியில் அமெரிக்க மின்னணு இதழ் ஒன்றின் அட்டையில் இடம்பெற்ற ஆல்டேர் 8800, வாங்குபவரே பூட்டிக்கொள்ள வேண்டிய உதிரிபாகத் தொகுப்பாக விற்கப்பட்டது. அதில் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. முன்பக்கப் பொத்தான்களை மேலும் கீழும் தள்ளியே கட்டளையிட வேண்டும். பெட்டியைத் திறந்ததும் இயக்கத்தக்க ஆப்பிள் 2 உள்ளிட்ட கணினிகள் 1977-இல் வந்தன.

ஐபிஎம் நிறுவனம் 1981 ஆகஸ்ட் 12 அன்று வெளியிட்ட ‘பிசி’ இத்துறையின் திருப்புமுனை. அதன் தொடக்க விலை 1,565 டாலர். அந்த விலைக்குக் கிடைத்த நினைவகம் 16 கிலோபைட் மட்டுமே. பிற நிறுவனங்கள் தயாரித்த பாகங்களைக் கொண்டே அது உருவானதால், அதே போன்ற கணினிகளைப் பலரும் தயாரிக்க முடிந்தது, விலையும் சரிந்தது. 1984-இல் வந்த மெக்கின்டாஷ், கட்டளைகளை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையைக் குறைத்து, சுட்டியையும் படக்குறிகளையும் பரவலாக்கியது.

இந்தியாவில் 1976-இல் தொடங்கப்பட்ட எச்சிஎல், 1978-இல் ‘8சி’ என்னும் நுண்கணினியை உருவாக்கியது. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு அறிவித்த புதிய கணினிக் கொள்கை இறக்குமதித் தடைகளைத் தளர்த்திய பின்னரே அலுவலகங்களில் கணினி பெருகத் தொடங்கியது.

இன்று வழக்கிலுள்ள வகைகளுள் மேசைக் கணினி பழுதுபார்க்க எளிது. பாகங்களையும் தனித்தனியே மாற்றலாம். மடிக்கணினி மின்கலத்தில் இயங்குவதால், மின்வெட்டு மிகுந்த ஊர்களுக்கு ஏற்றது. பலகைக் கணினி வாசிப்பதற்கும் காண்பதற்கும் உகந்தது. 2012-இல் வெளிவந்த ராஸ்ப்பெரி பை போன்ற ஒற்றைப் பலகைக் கணினிகளோ மாணவர்களின் சோதனைகளுக்குக் கைகொடுக்கின்றன.

பலர் பகிர்ந்து பயன்படுத்துவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட வகையும் உண்டு. ஹியூலெட் பேக்கர்ட் உருவாக்கிய ‘441’ என்னும் கணினியில் ஒரே பெட்டியுடன் நான்கு திரைகளும் நான்கு விசைப்பலகைகளும் இணைக்கப்பட்டு, நால்வர் ஒரே நேரத்தில் வேலை செய்ய முடிந்தது. குப்பத்தைப் போன்ற இன்னொரு திட்டத்தை அந்நிறுவனம் தென்னாப்பிரிக்காவிலும் நடத்தியது. ஒருவருக்கு ஒரு கணினி என்ற கணக்கு எளிய ஊர்களுக்குப் பொருந்தாது என்பதைத் தயாரிப்பாளரே உணர்ந்ததன் அடையாளம் இது எனலாம்.

குப்பம் வட்டாரத்தில் தகவல் மையங்கள் வழியே அரசுச் சேவைகள் குறித்த விவரங்கள், கணினிப் பயிற்சி போன்றவை வழங்கப்பட்டன. இவற்றைவிட அதிகம் பேசப்பட்டது புகைப்படத் தொழில். சுய உதவிக் குழுப் பெண்கள் சிலருக்கு டிஜிட்டல் கேமராவும், சூரிய ஆற்றலில் இயங்கும் சிறிய அச்சுப்பொறியும் அளிக்கப்பட்டன. அடையாள அட்டைக்கான படங்களையும் குடும்ப நிகழ்ச்சிப் படங்களையும் ஊருக்குள்ளேயே எடுத்து, அங்கேயே அச்சிட்டுத் தந்து அவர்கள் வருவாய் ஈட்டினர். கணினியைப் பற்றி எவ்வளவு எடுத்துரைத்தாலும், கைக்கு வரும் கூலியே அதன் பயனை ஊருக்குப் புரியவைக்கிறது.

மொழி மற்றொரு தடையாக இருந்தது. அந்நாளில் ஒரு கணினியில் தட்டச்சு செய்த தமிழ், அதே எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் பொருளற்ற குறிகளாகத் தெரிவது வழக்கம். 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் மாநாட்டையொட்டி ‘தமிழ்99’ விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. உலகின் எழுத்துகள் அனைத்துக்கும் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறி முறை பரவிய பின்னர், தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே கோப்பில் சிக்கலின்றி இடம்பெற முடிகிறது. மும்மொழி வட்டாரம் ஒன்றுக்கு இது சிறிய வசதியன்று.

இவ்வளவு வளர்ச்சிக்குப் பின்னரும் வீட்டுக் கணினி கிராமங்களில் அரிதாகவே உள்ளது. 2017-18-ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வின்படி, நகர்ப்புறக் குடும்பங்களில் 23.4 சதவீதத்தினரிடமும், கிராமப்புறக் குடும்பங்களில் 4.4 சதவீதத்தினரிடமும் மட்டுமே கணினி இருந்தது. மடிக்கணினியும் பலகைக் கணினியும் இக்கணக்கில் அடங்கும். எல்லைக்கு இப்புறம் தமிழ்நாட்டில் 2011-இல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டதன் பின்னணியும் இத்தகைய இடைவெளிதான்.

திறன்பேசி இக்குறையைப் பெருமளவு மறைத்துவிடுகிறது. பணம் அனுப்பவும் செய்தி படிக்கவும் அது போதும். நீண்ட கட்டுரை எழுதுவதற்கும், விரிதாளில் கணக்கு வைப்பதற்கும், நிரல் எழுதப் பழகுவதற்கும் பெரிய திரையும் விசைப்பலகையும் இன்றும் தேவைப்படுகின்றன. ஆந்திரத்தில் சான்றிதழ்களுக்கு விண்ணப்பிக்க மக்கள் நாடும் ‘மீசேவா’ மையங்களிலும் கணினி உண்டு. ஆனால் விசைப்பலகை ஊழியர் பக்கமே இருக்கிறது, விண்ணப்பிப்பவர் மேசைக்கு இப்பால் காத்திருக்கிறார்.