மலைக்கு வந்த கால்சட்டை

ஜவ்வாது மலைக்காரருக்கும் ஆலங்காயம் கடைத்தெருக்காரருக்கும் ஒரே வெட்டில் பேன்ட் தைக்க முடியாது. மலைக்காரருக்கு இடுப்பு 30 அங்குலம்தான் இருக்கும். தொடையை அளந்தால் 36 இடுப்புக்காரரின் தொடை. ஏற்றத்திலேயே நடந்து வளர்ந்த கால். ரெடிமேட் பேன்ட்டில் இடுப்பு பொருந்தினால் தொடை ஏறாது. தொடை ஏறினால் இடுப்பில் இரண்டு கை நுழையும். அப்பா காலத்திலிருந்து இந்த மலையடிவாரத்தில் தைத்துப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. தைத்த துணி மலைக்கு வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் மலைக்காரர் உடம்புக்கு டேப் வைத்து, அதன்படி துணி வெட்டியது அப்பா தலைமுறையில்தான். நடுவில் போன காலத்தில் அவர்கள் பார்த்ததெல்லாம் வேறு யாருக்கோ அளந்த துணி.

அதற்கு முன்னால் அளவே தேவைப்படவில்லை. கோவணம், வேட்டி, தலைப்பாகை, கம்பளி, இவற்றில் எதற்கும் கத்தரி வேண்டாம். எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட நூலில் சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினரைப் பற்றி எழுதும்போது, அவர்களுடைய பழுப்புக் கம்பளியே குளிருக்குக் கோட்டாகவும் மழைக்கு அங்கியாகவும் பயன்பட்டதைக் குறிப்பிடுகிறார். ஜவ்வாது மலை மலையாளிகளும் அதே குடிதான். கம்பளிக்குப் பெரியவன் சின்னவன் கிடையாது. அப்பன் போர்த்தியதை மகன் போர்த்தலாம்.

அளவு பார்க்காமல் மேலிருந்து வந்த உடுப்பு என்ன செய்யும் என்பதை மலைக்கு வடகிழக்கே வேலூர்க் கோட்டை ஏற்கெனவே கண்டிருந்தது. சென்னைப் படையின் தளபதி ஜான் கிரடாக் சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகையைக் கட்டாயமாக்கினார். பார்க்கத் தொப்பி மாதிரி இருந்தது. அதில் தோல் கொண்டை வேறு. நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது என்றும் உத்தரவு. மறுத்தவர்களுக்குக் கசையடி விழுந்தது. 1806 ஜூலை 10 விடியுமுன் கோட்டையில் துப்பாக்கி வெடித்தது. திப்பு குடும்பம் அங்கே சிறையிருந்தது உட்பட வேறு காரணங்களும் உண்டு. இருந்தாலும் ஒரு தையல்காரனாக எனக்கு அந்தத் தலைப்பாகைதான் பெரிதாகத் தெரிகிறது. போட்டுக்கொள்ளப் போகிறவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மலைக்குள் கால்சட்டை ஏறியது காக்கியாகத்தான். 1882இல் சென்னை மாகாண வனச்சட்டம் வந்தது. காடு காப்புக்காடாயிற்று, காவலுக்கு ஆள் வந்தார்கள். சென்னையின் பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலைகள் பட்டாளத்துக்கும் போலீசுக்கும் நெய்த காக்கி டிரில் துணிக்குப் பின்னாளில் நாடெங்கும் பேர். சந்தன மரம் நிறைந்த மலை என்பதால் இங்கே காவலும் அதிகம், பயமும் அதிகம். காக்கிக் கால்சட்டையைக் கண்டால் பிள்ளைகள் வீட்டுக்குள் ஓடிய கதையை என்னிடம் டேப்புக்கு நிற்கும் பெரியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். அது பழங்கதையும் இல்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 பேரில் இந்த மலைப்பக்கத்து ஆட்களும் உண்டு.

இரண்டாவதாக வந்தது பள்ளிக்கூட டவுசர். உண்டு உறைவிடப் பள்ளிகள் வந்தன. 1980களில் அரசின் இலவசச் சீருடை வந்தது. அதை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைத்தன. அந்தத் திட்டத்தை நான் மனதார மதிக்கிறேன். எத்தனையோ பிள்ளைகளுக்கு வாழ்க்கையில் முதல் தைத்த துணி அதுதான், எத்தனையோ பெண்களுக்கு முதல் கூலியும் அதுதான்.

தையல் மெஷின் அதற்கு வெகுமுன்பே கீழே வந்துவிட்டது. சிங்கர் கம்பெனி 1870களிலேயே இந்தியாவில் கால் வைத்து, தவணைக்கு மெஷின் விற்றது. இயந்திரங்களைச் சந்தேகத்தோடு பார்த்த காந்தி, 1924இல் சிங்கர் மெஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். 1930களில் கல்கத்தாவில் உஷா பிறந்தது. அப்பா வாங்கியது பழைய உஷா கால்மெஷின்.

அவருக்கு மலைப்பக்கத்திலிருந்து நிலையாக பேன்ட் ஆர்டர் கிடைத்தது காவலூரால். அங்கே 1960களின் கடைசியில் வானாய்வகம் அமைந்தது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி, 1986 ஜனவரியில் 2.34 மீட்டர் தொலைநோக்கி. இரவெல்லாம் குளிரில் விழித்திருக்கும் இடம் அது. வேலைக்குச் சேர்ந்த உள்ளூர் ஆட்கள் சம்பளத்தில் முதலில் எடுத்தது பேன்ட் துணிதான். டெரிகாட்டன் கொடிகட்டிப் பறந்த காலம் அது. துவைத்தாலும் மடிப்புக் கலையாது. ஆனால் பருத்தி நூலில் தைத்தால் முதல் துவைப்பிலேயே நூல் சுருங்கித் தையல் முழுக்கச் சுருக்கம் விழும், இஸ்திரிப் பெட்டி கொஞ்சம் சூடேறினால் துணி உருகும். அப்பா இரண்டையும் அனுபவித்துத்தான் கற்றுக்கொண்டார்.

மலைக்காரருக்கென்று வெட்டு உண்டானது அப்போதுதான். நேராக நிற்கவைத்து இடுப்பு, சீட்டு, தொடை, முட்டி, பாட்டம், உயரம் என்று எல்லோரும் எடுக்கிற அளவை எடுத்த பிறகு அப்பா, "குத்துக்கால் போட்டு உட்காருங்கய்யா" என்பார். உட்கார்ந்த நிலையில் பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார். பின்துண்டின் உயரத்தில் ஓர் அங்குலம் கூட்டுவார், தொடையில் தாராளம் விடுவார், சீட்டுத் தையலுக்குள் ஒன்றரை அங்குலத் துணியை மடித்து வைப்பார். பாறையில் ஏறினாலும் களத்தில் உட்கார்ந்தாலும் கிழியாது. டவுனில் பெல்பாட்டம் ஆட்டம் போட்டபோது மலையில் யாரும் அதைச் சீந்தவில்லை. பனிப்புல்லிலும் ஈச்ச முள்ளிலும் நடப்பவருக்கு அகலப் பாட்டம் எதற்கு?

கோட்டு வந்தது கல்யாணத்தோடு. மலையில் மாப்பிள்ளை வீடுதான் பரிசம் கட்டுவது வழக்கம். அந்த மாப்பிள்ளைக்கு ராத்திரி வரவேற்புக்குக் கோட்டு வேண்டும் என்ற ஆசை மெல்ல மேலேறியது. கோட்டு சூட்டுக்கு மூன்றேகால் மீட்டர் துணி. மார்புக்கு உள்ளே கேன்வாஸ், காலருக்குப் பக்ரம், தோளுக்குப் பேட். முதலில் கையால் ஓட்டுத்தையல் போட்டு ஒரு ட்ரையல்; அப்புறம்தான் மெஷின். அந்த ட்ரையலில்தான் மலைக்காரர் உடம்பு எங்களுக்கு மறுபடி பாடம் நடத்தியது. சாமை மூட்டை, பலாப்பழம், விறகு என்று சிறுவயதிலிருந்து சுமந்த தோள் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கும். இரண்டு பக்கமும் ஒரே பேட் வைத்தால் தாழ்ந்த பக்கம் அக்குளுக்குக் கீழே துணி குறுக்காகச் சுருங்கும். அந்தப் பக்கத்துப் பேட்டைக் கனமாக வைக்க வேண்டும். வாடகைக் கோட்டில் இதைச் செய்ய வழியில்லை. இப்போது மாப்பிள்ளைகள் பலர் வாடகைக்கு எடுக்கிறார்கள். போட்டோவில் அந்தச் சுருக்கத்தைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

2024 பிப்ரவரியில் ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி உரிமையியல் நீதிபதி தேர்வில் வென்ற செய்தி வந்தது. வயது 23. பிள்ளை பெற்ற சில நாளில் சென்னைக்குப் போய்த் தேர்வெழுதியவர். மலையாளிப் பழங்குடியில் அந்தப் பொறுப்புக்குத் தேர்வான முதல் பெண். அன்றைக்கு எங்கள் கடையில் மெஷினை நிறுத்திவிட்டுச் செய்தித்தாளை உரக்கப் படித்தோம்.

அதற்குப் பிறகு மலையிலிருந்து சட்டம் படிக்கப் போன ஒரு பெண் கறுப்புக் கோட்டுக்கு வந்தாள். பெண்களுக்குக் கோட்டு வெட்ட அப்பா எனக்குச் சொல்லித்தரவில்லை, அவருக்கே தெரியாது. மார்பில் பிடிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதை என் மனைவிதான் அளந்து குறித்தாள். "எனக்கு வலது தோள் கொஞ்சம் தாழ்வுண்ணா, தண்ணி தூக்கித் தூக்கி" என்று அந்தப் பெண்ணே சொன்னாள். அரை அங்குலம் இருந்தது. அந்தப் பக்கப் பேட்டைக் கூட்டி, கையைத் தூக்கிப் பேசும்போது கோட்டு மேலேறாதபடி அக்குள் வெட்டை உயர்த்தி வைத்தோம். ட்ரையலுக்கு அவள் தன் அம்மாவோடு வந்தாள். அந்த அம்மாவுக்கும் ஒரு ரவிக்கைக்கு அளவெடுத்து அனுப்பினாள் என் மனைவி.