ஒளியும் காற்றும்: பெருங் கண்ணாடிச் சாளரத்தின் வரலாறு

சாளரம் தொன்றுதொட்டு இரு பணிகளை ஒருங்கே ஆற்றி வந்துள்ளது. ஒளியை உள்ளே விடுதல் ஒன்று. காற்றை இயங்க விடுதல் மற்றொன்று. திறக்கப்படாத பெருங் கண்ணாடிச் சாளரமோ முதற் பணியைப் பன்மடங்காக்கி, இரண்டாவதை முற்றாகக் கைவிட்டது. இப்பிரிவு எவ்வாறு நேர்ந்தது, கைவிடப்பட்ட பணிக்கான விலையை யார் செலுத்தினர் என்பன ஆராயத்தக்கன.

பதினெட்டாம் நூற்றாண்டிலும் ஐரோப்பிய இல்லங்களின் சாளரங்கள் பெரும்பாலும் சிறு கண்ணாடித் துண்டுகளால் ஆனவையே. இதற்கு உற்பத்தி முறையே காரணமாகும். உருகிய கண்ணாடியைக் குழலால் ஊதி, சுழற்றி, வட்டத் தட்டாக விரித்து, அதிலிருந்து துண்டுகளை வெட்டியெடுத்தனர். தட்டின் அளவே துண்டின் அளவுக்கு எல்லையாயிற்று. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் உருகிய கண்ணாடியை மேசைமீது வார்த்துப் பெருந்தகடாக்கும் முறை உருவாயிற்று. ஆயினும் தகட்டின் இருபுறங்களையும் தேய்த்து மெருகூட்ட வேண்டியிருந்தமையால், அது செல்வர்க்கே உரியதாயிற்று.

இங்கிலாந்தில் அரசும் ஒளிக்கு விலை வைத்தது. 1696ஆம் ஆண்டில் விதிக்கப்பட்ட சாளர வரி, வீட்டிலுள்ள சாளரங்களை எண்ணி அறவிடப்பட்டது. பெரிய வீட்டில் வாழ்பவர் கூடிய வரி செலுத்துதல் நியாயமெனத் தோன்றலாம். ஆனால் நகரங்களில் பல ஏழைக் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த கட்டடமும் ஒரே வீடாகவே கணிக்கப்பட்டது. வரியைக் குறைக்க எண்ணிய உரிமையாளர் சாளரங்களைச் செங்கல்லால் அடைத்தனர். இருளையும் புழுக்கத்தையும் அனுபவித்தவர் குடியிருந்தோர். கண்ணாடி மீதான தீர்வை 1845இலும், சாளர வரி 1851இலும் நீக்கப்பட்டன. அதே 1851இல் இலண்டன் கண்காட்சிக்கென எழுந்த பளிங்கு மாளிகையில் ஏறத்தாழ மூன்று இலட்சம் கண்ணாடித் தகடுகள் பொருத்தப்பட்டன. கைத்தொழிற் புரட்சி கண்ணாடியைப் பெருந்தொகையாக ஆக்கவல்லது என்பதை உலகம் கண்டது.

உருக்குச் சட்டகம் கட்டடத்தின் பாரத்தைத் தாங்கத் தொடங்கியதும் சுவர் விடுதலை பெற்றது. 1890களில் சிக்காகோ நகரக் கட்டடங்களில் ஒருவகைச் சாளரம் பரவியது. அதன் நடுவே திறக்கப்படாத பெருங் கண்ணாடி. இருபுறமும் திறக்கக்கூடிய ஒடுங்கிய சாளரங்கள். நடுப்பகுதி ஒளியையும் காட்சியையும் தர, பக்கங்கள் காற்றைத் தந்தன. ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்க வேண்டியதில்லை என்பதற்கு இதுவே சிறந்த சான்றாகும்.

பின்வந்தோர் இச்சமநிலையைப் பேணவில்லை. 1933இல் பாரிஸ் நகரில், வறியோர் தங்குவதற்கென இரட்சணிய சேனைக்காக லே கோர்பூசியே அமைத்த கட்டடத்தின் தெற்கு முகம் திறக்க இயலாத கண்ணாடியாலானது. இரட்டைக் கண்ணாடியும் குளிரூட்டும் பொறியும் திட்டத்தில் இருந்தும், பணமின்மையால் கைவிடப்பட்டன. கோடை வந்ததும் உள்ளே வெப்பம் தாங்கொணாததாயிற்று. கண்ணாடி ஞாயிற்றொளியை உள்ளே விடும்; ஆனால் சூடேறிய பொருள்கள் வெளிவிடும் வெப்பக் கதிர்களை எளிதில் வெளியேற விடாது. ஈற்றில் திறக்கும் சாளரங்களும், பின்னர் வெயில் மறைப்புகளும் அமைக்கப்பட்டன. புதுமையின் விலையை முதலிற் செலுத்தியோர் அங்கு தஞ்சம் புகுந்த ஏழைகளே. 1951இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் மீஸ் வான் டெர் ரோ கட்டி முடித்த பான்ஸ்வேத் இல்லம் செல்வர் ஒருவருக்குரியது; நாற்புறமும் கண்ணாடியாலான அவ்வில்லமும் கோடையில் வெம்மையுற்றது; குளிர்காலத்தில் அதன் கண்ணாடியில் நீர் படிந்தது.

1959இல் பில்கிங்டன் நிறுவனம் உருகிய வெள்ளீயத்தின் மீது கண்ணாடியை மிதக்கவிட்டுத் தகடாக்கும் முறையை அறிவித்தது. தேய்த்தலும் மெருகூட்டலும் தேவையற்றுப் போயின. பெருங் கண்ணாடி நடுத்தர வகுப்பினர்க்கும் எட்டியது. இழந்த காற்றின் இடத்தை வளிச்சீராக்கி நிரப்பியது. ஆனால் 1973இல் எண்ணெய் விலை உயர்ந்தபோது அதற்கும் விலையுண்டு என்பது தெளிவாயிற்று. முன்னர் அரசு சாளரத்தை எண்ணி வரி அறவிட்டது. இன்று மின்மானி அப்பணியைச் செய்கிறது.

வெப்பநாடுகளில் இவ்வுண்மை மேலும் கூர்மையானது. கொழும்பில் 1960களின் தொடக்கத்தில் ஏனா டி சில்வாவுக்கென ஜெப்ரி பாவா கட்டிய வீடு, நடுமுற்றத்தைச் சூழ்ந்த தாழ்வாரங்களால் ஒளியையும் காற்றையும் ஒருங்கே பெற்றது. நாற்சார் வீட்டை அறிந்தோர்க்கு இது புதிதன்று.

இதனால் பெருங் கண்ணாடிச் சாளரம் விலக்கத்தக்கது என்பது பொருளன்று. இல்லத்துக்கு அதைத் தெரிவோர் சிலவற்றை நோக்குதல் வேண்டும். காலை, மாலைச் சாய்கதிர் நேரே படும் கிழக்கு, மேற்குத் திசைகளைத் தவிர்த்தல். வடக்கிலும் தெற்கிலும் இறவாணத்தை நீட்டி நிழல் செய்தல். சிக்காகோவில் போன்று அருகே திறக்கும் சாளரங்களை வைத்தல் ஆகியன அவை. கண்ணாடியின் பரப்பை அதன் விலை மட்டும் தீர்மானிக்கலாகாது. உள்ளே வாழ்வோரின் மூச்சும் தீர்மானிக்க வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.