ஓதக் கேட்ட உரைநடை

தமிழ் உரைநடையின் வளர்ச்சியை அச்சேறிய நூல்களைக் கொண்டே அளந்து பழகிவிட்டோம். அவ்வளவையில் அடங்காதது, தவக்காலத்தில் இலங்கைக் கத்தோலிக்கர் ஓதிவந்த வியாகுலப் பிரசங்கம். 1705இல் கோவாவிலிருந்து அங்குச் சென்ற யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இயற்றிய நூல் இது. கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடுத்திருந்தனர். கொழும்பு அச்சகமும் அவர்கள் கையிலேயே இருந்தது. குருமாரோ மிகச் சிலர். ஆகவே இயேசுவின் பாடுகளை ஒருவர் இராகத்தோடு ஓத, எழுத்தறியாதாரும் கேட்டு உருகினர். குரு வாராத ஊரில் நூலே குருவாயிற்று எனலாம்.

ஜெஞ்சாரோம் மாணவர் இதனை வகுப்பில் வாய்விட்டு ஓதட்டும். வாக்கியம் எங்கே மூச்சுக்கு நிற்கிறது என்பது கண்ணுக்கன்று, செவிக்கே புலப்படும்.