இரண்டு நாள்களாகியும் நிற்காத விக்கல்: மனமும் காரணமாகலாம்

தண்ணீர் குடித்தாலோ, மூச்சைச் சற்று அடக்கினாலோ பெரும்பாலான விக்கல்கள் சில நிமிடங்களில் நின்றுவிடும். யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி அதைக் கடந்துவிடுகிறோம். ஆனால், 48 மணி நேரத்துக்கு மேல் தொடர்வதை நீடித்த விக்கல் என்றும், ஒரு மாதத்துக்கு மேல் தொடர்வதைக் கட்டுக்கடங்காத விக்கல் என்றும் மருத்துவர்கள் வகைப்படுத்துகின்றனர். உணவையும் உறக்கத்தையும் குலைக்கும் இப்பாதிப்புக்குக் கடும் பதற்றம், மன அழுத்தம், அதிர்ச்சி ஆகியவையும் காரணமாகலாம்.

விக்கல் ஏற்படுவது எப்படி?

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் திடீரெனச் சுருங்கும்போது காற்று வேகமாக உள்ளே இழுக்கப்படுகிறது. அடுத்த கணமே குரல்வளை மூடிக்கொள்வதால் 'விக்' என்ற ஒலி எழுகிறது. மூளைத்தண்டுடன் உதரவிதானத்தை இணைக்கும் நரம்புப் பாதை தூண்டப்படுவதே இதற்குக் காரணம். உணர்ச்சிக் கொந்தளிப்பின்போது மூச்சின் சீர் குலைவதும், காற்றை விழுங்குவதும் அந்தப் பாதையைத் தூண்டக்கூடும்.

முதலில் உடல் பரிசோதனை

மனமே காரணம் என்ற முடிவுக்கு மருத்துவர்கள் எளிதில் வருவதில்லை. இரைப்பை அமிலம் மேலேறுதல், சிறுநீரகச் செயலிழப்பு, பக்கவாதம், மூளைக் கட்டி, ஸ்டீராய்டு போன்ற மருந்துகளின் விளைவு ஆகியவை முதலில் ஆராயப்படுகின்றன. பிரேசிலின் அப்போதைய அதிபர் ஜெய்ர் போல்சனாரோ, 10 நாள்களுக்கும் மேலாக நீடித்த விக்கலுடன் 2021 ஜூலையில் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டபோது, அவருக்குக் குடலடைப்பு இருப்பது கண்டறியப்பட்டது.

உறங்கும்போது விக்கல் நின்று, விழித்ததும் திரும்பினால் மனரீதியான காரணம் இருக்கலாம் எனக் கருதப்படுகிறது. எனினும் இது ஒரு குறிப்பு மட்டுமே. உறுதியான சான்று அல்ல.

நடிப்பு அல்ல

மனம் காரணம் என்றால் நோயாளி நடிக்கிறார் என்று பொருளல்ல. வேண்டுமென்றே வரவழைக்கப்படும் விக்கல் வேறு. மனப் பாதிப்பால் தன்னிச்சையாக வரும் விக்கல் வேறு. பின்னதில் உதரவிதானம் உண்மையாகவே சுருங்குகிறது; நோயாளியால் அதைத் தடுக்க இயலாது. குடும்பத்தினரின் கேலியும் கண்டிப்பும் பதற்றத்தைக் கூட்டி, விக்கலை மேலும் நீட்டிக்கக்கூடும்.

சிகிச்சை

மூச்சுப் பயிற்சி, தசைத் தளர்வுப் பயிற்சி, மனநல ஆலோசனை, அறிவாற்றல் நடத்தை சிகிச்சை ஆகியவை பரிந்துரைக்கப்படுகின்றன. பதற்ற நோயோ மனச்சோர்வோ இருப்பின் அதற்கும் சிகிச்சை அளிக்கப்படும். தேவைப்பட்டால் பேக்லோஃபென், கபாபென்டின், குளோர்புரோமசின் போன்ற மருந்துகளும் தரப்படும். குளோர்புரோமசின் மனநோய்க்குப் பயன்படும் மருந்து என்றாலும், உடல் காரணங்களால் வரும் விக்கலுக்கும் அது வழங்கப்படுகிறது. ஆகவே, மருந்துச்சீட்டில் அதன் பெயரைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. எனினும் மயக்கம், ரத்த அழுத்தக் குறைவு போன்ற பக்கவிளைவுகள் உண்டு என்பதால், இம்மருந்துகளைத் தாமாக வாங்கி உட்கொள்ளக் கூடாது.

எப்போது மருத்துவரை அணுகுவது?

விக்கல் இரண்டு நாள்களைக் கடந்தால் பொதுநல மருத்துவரை அணுக வேண்டும். நெஞ்சு வலி, கடும் தலைவலி, பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி, விழுங்குவதில் சிரமம் ஆகியவை சேர்ந்து வந்தால் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்வது அவசியம். மன அழுத்தத்துக்கு ஆலோசனை பெற, மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம்.